நெஞ்சு வலிக்குதா?

அத்தியாயம் 6

செத்துப்போனவர் கடைசிவரைக்கும் "எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றுதான் சொன்னாராம். கேஸே அதுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே கலிப்பா அக்காவுக்கு அலுப்பு. எனக்கும்தான். காரில் ஹீட்டர் செத்து ஒரு குளிர்காலம் ஆகிறது. மலையில் பனி உருக ஆரம்பித்தால் எங்கள் ஊர்த் தெருவெல்லாம் சேறு. காரைத் தள்ளுவதா, ஓட்டுவதா என்று சேறுதான் முடிவு செய்யும். இருபது வருஷம் போலீசில் புலனாய்வு பார்த்துவிட்டு, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல், முட்டியும் ஒத்துழைக்காமல் வெளியே வந்தவர் அக்கா. நான் எசென். முன்னாள் மினிபஸ் டிரைவர், இந்நாள் உதவியாளர். சம்பளம் பற்றிப் பேச வேண்டாம்.

எங்களை வேலைக்கு வைத்தவன் ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் மக்சத். அவன் அப்பா ஷார்ஷென்பெக் குளிர்காலக் கடைசியில் ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் செத்துப்போனார். மக்சத்தின் மனைவி துமார்தான் மாமனாருக்கு விஷம் வைத்துவிட்டாள் என்கிறாள் மக்சத்தின் அக்கா அனார்குல். துமாரின் சின்னப் பெண் அய்தானாவையும் அனார்குலே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் நாற்பதாம் நாள் விருந்து. சொந்தபந்தம் எல்லாம் கூடும். குழந்தை அம்மாவிடமா, அத்தையிடமா என்று அங்கே பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் நடக்காது.

"யாரு சொல்றது நெசம்னு மட்டும் சொல்லுங்க அக்கா, போதும்" என்றிருந்தான் மக்சத், போனில். அழுதானோ என்னவோ, அந்தப் பக்கம் ஒரே டிரில்லிங் மெஷின் சத்தம்.

முதலில் அனார்குல் வீடு. பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியை. நாற்காலியில் உட்காரச் சொன்ன தோரணையிலேயே நான் வீட்டுப்பாடம் எழுதவில்லையோ என்று பயந்துவிட்டேன்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். அவ எங்க அத்தாவைக் கொன்னுட்டா" என்றாள் அனார்குல்.

"எப்படி?" என்றார் அக்கா.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே என் தம்பி உங்களை வச்சிருக்கான். கேட்டுக்குங்க. எங்க அத்தா மாதிரி மரியாதை தெரிஞ்ச மனுஷன் இந்தப் பள்ளத்தாக்குல கிடையாது. வாசல்ல நிழல் விழுந்தாலே எந்திரிச்சு நிப்பாரு. ஒரு வருஷமா விருந்தாளி வந்தா எந்திரிக்கறதே இல்ல. எந்திரிச்சா கண்ணு இருட்டிச் சாஞ்சிடறாரு. ஊரே திமிர்னு பேசிச்சு. அவ டீல என்னத்தையோ கலக்கியிருக்கா."

"அப்புறம்?"

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு கைப்பட்டையை எடுத்து மேஜையில் போட்டாள். நாடித் துடிப்பை எண்ணிக் காட்டும் பட்டை, மகன் ரஷ்யாவிலிருந்து அனுப்பியது. "விறகு வெட்டினாலும் நூறு. படுத்துத் தூங்கினாலும் நூறு. தூங்கற மனுஷனுக்கு நெஞ்சு எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?"

"கனவுல குதிரைப் பந்தயம் ஓடியிருப்பாரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த ஜாம் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"மூணாவது," அனார்குல் என்னை மதிக்கவே இல்லை. "அன்னிக்குக் காலைலேருந்து வேர்த்துக் கொட்டியிருக்கு, குமட்டியிருக்கு. ஆனா வலியே இல்ல. நெஞ்சடைச்சுச் சாகறவங்களை நான் பாத்திருக்கேன். எங்க மாமா நெஞ்சைப் பிடிச்சுட்டுக் கத்தின கத்து ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. அத்தா முனகக்கூட இல்ல. நாலாவது, ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்னு அவ புளுகறா. போலீசே போய்க் கேட்டாச்சு. ஷார்ஷென்பெக்ங்கற பேருக்கு அன்னிக்கு ஒரு அழைப்பும் வரல."

"உடம்பை அறுத்துப் பாத்தாங்களா?"

"எங்க அத்தாவையா? நான் விடல."

"அன்னிக்கு நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"பாக்கல. ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. கிளம்பும்போது கதவோரம் அய்தானா நின்றிருந்தாள். ஒரு காலில்தான் சாக்ஸ். "எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், அதை எதிர்பார்த்தவள்போல உள்ளே போய்விட்டாள். நாலு வயசுக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கக் கூடாது. எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

மாவு மில்லுக்குப் பின்னால் துமாரின் வீடு. பெண் மெலிந்திருந்தாள். கறுப்புத் துணியில் தலையைக் கட்டியிருந்தாள். துக்க வீட்டிலும் மாவைத் துண்டு போட்டுப் போர்சோக் பொரித்து வைத்து, டீ ஊற்றி, ரொட்டியை எங்கள் பக்கம் தள்ளினாள். மலைமேல் மேய்ச்சல் கிராமத்திலிருந்து வாழ வந்தவள். நிமிர்ந்து பேசத் தெரியாது. அதனாலேயே பொய் சொல்கிறாள் என்று போலீஸ் நினைத்திருக்கும்.

"உன் மாமனாருக்குச் சர்க்கரை எத்தனை நாளா?" என்று கேட்டார் அக்கா.

"மிர்ஸா அத்தாவுக்கா? எங்க வீட்டுக்காரரு ஸ்கூல் படிக்கறப்பவே வந்திருச்சாம். பதினேழு வருஷம் இருக்கும்."

"நீ கல்யாணமாகி வந்து?"

"அஞ்சு."

"கால் எப்படி இருந்துச்சு அவருக்கு?"

துமார் முதல்தடவையாக லேசாகச் சிரித்தாள். "ஒருநாள் அடுப்புல கால நீட்டிட்டு உக்காந்திருந்தாரு. ஏதோ தீயுது. 'யாரும்மா ஆட்டுத்தலை வாட்டறது, எனக்கும் ஒரு காது வையி'ன்னாரு. பாத்தா அவரோட சாக்ஸும் சதையும்தான் தீயுது. அவருக்குத் தெரியவே இல்ல."

நான் கடித்த போர்சோக்கை மெல்ல வைத்துவிட்டேன். அக்கா மட்டும் கப்பைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அலுப்பு கொஞ்சம் விலகிய முகம்.

"செத்த அன்னிக்கு?"

"காலைலேருந்தே மிர்ஸா அத்தா சரியா இல்லக்கா. சும்மா உக்காந்திருக்காரு, சட்டை நனைஞ்சுபோச்சு. மூச்சு வாங்குது. கேட்டா அலுப்பா இருக்குங்கறாரு. சர்க்கரை குத்திப் பாத்தேன், எப்பவும் இருக்கறதுதான். மத்தியானம் கரண்ட் போச்சு, என் போனும் செத்துப்போச்சு. ரோட்டுக்கு ஓடி, ஆடு ஏத்திட்டுப் போற லாரியை மறிச்சு, லாரிக்காரர் போன்ல ஆம்புலன்சுக்குப் பேசினேன். சத்தியமாப் பேசினேன்."

"லாரிக்காரர் பேரு?"

"தெரியாது. எங்க ஊர்க்காரர் இல்ல."

"யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மிர்ஸா அத்தாவுக்குன்னேன்."

"முழுப் பேரு?"

"அதான்க்கா."

"அவரோட நெசப் பேரு என்ன, சொல்லு பாப்போம்."

துமார் தரைவிரிப்பைப் பார்த்தாள். காது சிவந்தது. "அதை எப்படிக்கா என் வாயால..."

கலிப்பா அக்கா கப்பைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் அது. வாழ வந்த பெண் மாமனார் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். இவள் வைத்தது மிர்ஸா அத்தா, கனவான் அப்பா. ஊருக்குள் இப்போது யார் பார்க்கிறார்கள்? என் பெண்டாட்டி என் அப்பா பெயரைச் சொல்லித்தான் பூனையையே திட்டுகிறாள். மலைமேல் இன்னும் பார்க்கிறார்கள். கேஸை விசாரித்தவனோ தலைநகரத்தில் வளர்ந்த பையன்.

"போலீஸ்ட்ட இதைச் சொன்னியா?" என்றேன்.

"கூப்பிட்டியான்னு கேட்டாங்க, கூப்பிட்டேன்னேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னு யாரும் கேக்கலையே அண்ணா."

"வேற யாருகிட்டயாவது அன்னிக்குச் சொன்னியா, அவருக்கு முடியலன்னு?" என்றார் அக்கா.

துமார் எழுந்து டீ கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அதில் தண்ணீரே இல்லை. "அது வீட்டு விஷயம்க்கா" என்றாள்.

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை.

கார் மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

"எசென், அனார்குல் நாலு குற்றம் சொன்னா இல்ல? எந்திரிச்சா சாய்றாரு, தூங்கினாலும் நாடி ஓடுது, வலியில்லாம செத்தாரு, ஆம்புலன்ஸ் வரல."

"ஆமா."

"நாலையும் செஞ்சது ஒரே ஆளு. அந்த வீட்டுலயே இருந்தவன். ஆனா துமார் வந்தது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அவன் வந்து பதினேழு வருஷம் ஆச்சு."

நான் பிரேக்கை மிதித்தேன். கார் தன் இஷ்டத்துக்கு நின்றது. "சர்க்கரையா?"

"கால் தீயறது தெரியாத மனுஷனுக்கு, நெஞ்சு தீயறது மட்டும் எப்படித் தெரியும்?"

"கால் எங்க இருக்கு, நெஞ்சு எங்க இருக்கு அக்கா?"

"அதை ஆம்புலன்ஸ்ல கேப்போம். ஓட்டு. முட்டி விறைக்குது."

ஆம்புலன்ஸ் நிலையத்தில் போன் எடுக்கும் மேஜைக்குப் பின்னால் ராயா என்ற அம்மாள். முப்பது வருஷ சர்வீஸ். கண்ணாடிக்குக் கீழே கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஊரின் எல்லா வியாதியும் அவர் காது வழியாகத்தான் போகிறது, அப்படித்தான் இருக்கும்.

"ஷார்ஷென்பெக்கா? அதான் போலீஸ்லயே வந்து கேட்டுட்டாங்களே, அப்படி யாரும் இல்லன்னு சொல்லியாச்சே" என்றார்.

"மிர்ஸா அத்தா?" என்றார் அக்கா.

ராயா பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அந்தப் பொண்ணு. ஆட்டுச் சத்தத்துக்கு நடுவுல பேசிச்சு. பேரு கேட்டா மிர்ஸா அத்தாங்குது, தெரு கேட்டா மில்லுக்குப் பின்னாடிங்குது. சிரிச்சுட்டேன். எங்கம்மாவும் அப்படித்தான். மிர்ஸான்னே எழுதிக்கிட்டேன்."

"வண்டி ஏன் போகல?"

"இருந்த ஒரு வண்டியும் கணவாய்ல பிரசவத்துக்குப் போயிருந்துச்சு. அடுத்தது யாருக்குன்னு கேட்டுத்தான் முடிவு பண்ணணும். நெஞ்சு வலிக்குதான்னு கேட்டேன். இல்லங்குது. இடது கை? தாடை? முதுகு? எதுவுமே இல்ல. சர்க்கரை உண்டான்னேன், உண்டுன்னுச்சு. அப்ப சர்க்கரை எறங்கியிருக்கும், இனிப்பா டீ குடுன்னேன். 'குத்திப் பாத்துட்டேன்க்கா, எறங்கல. அவரு அவரா இல்ல'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. நான் வச்சுட்டேன்."

அறையில் இன்னொரு போன் அடித்தது. ராயா எடுத்து, யாருக்கோ காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லிவிட்டு வைத்தார்.

"அவருக்கு என்ன வந்ததுன்னு இப்ப தோணுது உங்களுக்கு?" என்றார் அக்கா.

"அறுத்துப் பாக்காம சத்தியம் பண்ண முடியாது. ஆனா நெஞ்சடைப்புதான். சர்க்கரை வருஷக்கணக்கா உடம்புல குடியிருந்தா நரம்பைத் தின்னும். கால்நரம்பு போறது எல்லாருக்கும் தெரியும். நெஞ்சுக்குப் போறதும் நரம்புதானே. அதுவும் போயிடும்."

"போனா?"

"வேகத்தைக் கூட்டறது கொறைக்கறது அந்த நரம்பு வழியாத்தான். அது அறுந்தா தூங்கினாலும் நடந்தாலும் ஒரே ஓட்டம். எந்திரிச்சு நின்னா ரத்தத்தை மேல ஏத்தச் சொல்ற ஆளும் இல்ல, கண்ணு இருட்டும். கடைசில ரத்தக்குழாய் அடைச்சாலும் வலிக்குதுன்னு சொல்லி அனுப்ப வழியில்ல. வேர்வை, குமட்டல், மூச்சு வாங்கறது, அலுப்பு. அவ்வளவுதான் வெளிய தெரியும்."

"கடிவாளம் அறுந்த குதிரை" என்றேன்.

"குதிரைக்குக் கனைக்கவும் முடியாது" என்றார் ராயா. "இதெல்லாம் படிச்சவதான் நான். ஆனா தினம் நூறு பேரு போன் பண்றாங்க. வலிக்குதுன்னு கத்தறவனுக்கு வண்டி போகும். அலுப்பா இருக்குன்னா யாருக்குத்தான் அலுப்பு இல்லன்னு தோணிப்போவுது. எனக்கே அலுப்பா இருக்கு."

அவரைத் திட்ட வேண்டும் என்று வந்த கோபம் எனக்குப் பாதியிலேயே தீர்ந்துபோனது. அக்கா எழுந்தார். "அழைப்பு வந்துச்சுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன். வேலை போனாப் போகட்டும்." ராயா காகிதத்தை இழுத்துக்கொண்டே சொன்னார். "ஆனா அன்னிக்கு வந்தப்பவே அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

அக்கா திரும்பி நின்றார். "எந்தம்மா?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் வந்தாங்களே. கறுப்புக் கோட்டு. டீச்சர்னு நெனைக்கறேன். ஷார்ஷென்பெக்னு கேக்கல. நேரா மிர்ஸா அத்தான்னே கேட்டாங்க. ஆமா, கூப்பிட்டாங்கன்னேன். அந்தப் பொண்ணு என்னல்லாம் சொல்லிச்சுன்னு கேட்டுட்டு, ரொம்ப நேரம் அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க."

ஊரில் மிர்ஸா அத்தா என்ற பெயரை அறிந்த டீச்சர் ஒருத்திதான்.

அனார்குல் கதவைத் திறந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்தாள். நாற்காலி காட்டவில்லை. பின்னால் அடுப்படியில் குழந்தை ஸ்பூனால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"போலீஸ் ஷார்ஷென்பெக்னு கேட்டாங்க, இல்லன்னு பதில் வந்துச்சு. நீங்க மிர்ஸா அத்தான்னு கேட்டீங்க, உண்டுன்னு பதில் வந்துச்சு" என்றார் அக்கா. "அவ கூப்பிட்டது உங்களுக்கு அன்னிலேருந்தே தெரியும். அப்புறமும் அவளைக் கொலைகாரின்னீங்க. ஏம்மா?"

"நான் யாரையும் பாக்கல."

"அத்தாவையும் அன்னிக்குப் பாக்கலன்னுதான் சொன்னீங்க. பேசலன்னு சொல்லல."

துணைத் தலைமையாசிரியை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைலயே எனக்குப் போன் பண்ணிட்டா. அண்ணி, அத்தா என்னவோ மாதிரி இருக்காரு, கார் வச்சிருக்கீங்களே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா. அவர்கிட்ட குடுன்னேன். அத்தா, எங்கயாவது வலிக்குதான்னு கேட்டேன். இல்ல மகளே, அலுப்பு, அவ்வளவுதான்னாரு. படுத்துத் தூங்குங்க, சரியாயிடும்னேன். இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளுங்க வந்துட்டாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவ ஏதாவது செஞ்சிருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் அதையே நெனச்சேன். நெனச்சு நெனச்சு, அவதான் செஞ்சான்னு நானே நம்பிட்டேன்."

நானாக இருந்தால் அந்த இடத்தில் கத்தியிருப்பேன். அக்கா கதவோரம் இருந்த செருப்புப் பெட்டிமேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

"அனார்குல், நீங்களும் கொல்லல. அவரும் பொய் சொல்லல. அவருக்கு நெசமாவே வலிக்கல. நீங்க கேட்டதுதான் ஆம்புலன்ஸும் கேட்டுச்சு. யார் கேட்டிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பாரு. அந்தப் பதிலை நம்பாதவ ஒருத்திதான். அவளைத்தான் நீங்க பிடிச்சீங்க."

அனார்குல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் செத்ததுக்குச் சர்க்கரை மேல பழி போடலாம். அவகிட்டேருந்து குழந்தையைப் பிடுங்கினதுக்கு யார் மேல போடுவீங்க?" அக்கா தன் போனை நீட்டினார். "தம்பி நம்பர் இதுல இருக்கு. நான் சொன்னா ரிப்போர்ட்டு. நீங்க சொன்னாத்தான் அவன் நம்புவான்."

அவள் பேசினாள். எதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் டிரில்லிங் சத்தம் நின்றிருந்தது. பிறகு, "புள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டு வா அக்கா. நீயே போ" என்றான் மக்சத். வைத்துவிட்டான்.

பின் சீட்டில் அத்தையும் குழந்தையும் உட்கார்ந்து வந்தார்கள். மில்லைத் தாண்டும்போதே அய்தானா பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். வீட்டு வாசலில் துமார் நின்றிருந்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் இறங்கவில்லை. நான் காருக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறந்த வீட்டுக்கு வரும் மூத்த மகளுக்குக் கதவுக்கு எதிரே, உள்சுவரோரம், மெத்தை போட்ட இடம். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. அனார்குல் அங்கே போகவில்லை. கதவோரம், காற்று நுழைகிற மூலையில், வெறும் விரிப்பில் உட்கார்ந்தாள். அது மருமகள்கள் உட்காரும் இடம். அங்கிருந்துதான் டீ ஊற்ற வேண்டும், எல்லாருக்கும் பிறகு குடிக்க வேண்டும்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன் துமார்" என்றாள், தரையைப் பார்த்து. "நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும்."

துமார் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கெட்டிலில் தண்ணீர் ஊற்றினாள். அடுப்பை மூட்டினாள். கப்புகளைத் துடைத்தாள். ஐந்து வருஷத்தில் நாத்தனார் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியிருக்க மாட்டாள். அன்றைக்குப் பார்த்தாள்.

"அது என் இடம் அண்ணி" என்றாள். "எந்திரிங்க."

அனார்குல் எழுந்து உள்சுவரோர மெத்தைக்குப் போனாள். துமார் அங்கே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, டீ ஊற்ற ஆரம்பித்தாள்.